அழகாக இருப்பதை அப்புறம் வரையலாம்

கேள்வி:

அக்கா, நான் சென்னையில் இல்லஸ்ட்ரேஷன் படிக்கிறேன், இரண்டாம் வருடம். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். இப்போது லீவுக்கு வந்திருக்கிறேன். கல்லூரி திறக்கும்போது நூறு பக்கம் நிரப்பிய ஸ்கெட்ச் புக் காட்ட வேண்டும். அது எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. பின்டரெஸ்டில் தேடி, பிடித்த படத்தைப் பார்த்து வரைகிறேன். நன்றாக வராத பக்கத்தைக் கிழித்துவிடுவேன். இருபது வரைந்தால் ஏழெட்டுதான் மிஞ்சுகிறது. கூடப் படிக்கிறவர்கள் இன்ஸ்டாகிராமில் போடும் ஸ்கெட்ச் புக்கில் ஒவ்வொரு பக்கமும் அச்சடித்த மாதிரி இருக்கிறது. எனக்கு ஜப்பான் அனிமே ரொம்பப் பிடிக்கும், அந்தப் பாணிதான் கையில் வருகிறது. ‘உன் ஊரை வரை’ என்கிறார் ஆசிரியர். எங்கள் ஊரில் வரைய என்ன இருக்கிறது? சுற்றிலும் ரப்பர் தோட்டம்தான். அப்பா பால்வெட்டுக்குப் போகிறார், அம்மா வீட்டில். கன்னியாகுமரிக்குப் போய் திருவள்ளுவர் சிலையை வரைந்தேன், போஸ்ட் கார்டு மாதிரி வந்தது. வெளியே உட்கார்ந்து வரைந்தால் ஆள் கூடிவிடுகிறது, கை நடுங்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் வரைய வேண்டும்? உங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் கிழிப்பதை நிறுத்து. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மிஞ்சிய ஏழெட்டுப் பக்கத்தில் உனக்கு ஏற்கெனவே வருவதுதான் இருக்கும். எது வரவில்லை என்பது கிழித்த பக்கத்தில் இருந்தது. ஆட்டின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாமல் திணறிய பக்கம் கையில் இருந்தால், அடுத்த தடவை ஆட்டைப் பார்க்கும்போது கண் நேராகக் காலுக்குப் போகும். சுருள் கம்பி போட்ட நோட்டு வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதில் கிழிப்பது சுலபம். அடுத்தது நூலால் தைத்த நோட்டாக வாங்கு. ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று வந்துவிடும், அந்தப் பயமே உன் கையைக் கட்டிப்போடும்.

இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவற்றில் பல வேறு தாளில் ரஃப் போட்டு, சரி செய்து, அப்புறம் நோட்டில் ஏற்றியவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது காட்சிக்கு வைக்கிற வேலை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு உன் பயிற்சி நோட்டை எடைபோடாதே.

நான் பத்திரிகைகளுக்கும் குழந்தைப் புத்தகங்களுக்கும் படம் போடுகிறவள். வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் முடித்த படங்களை அழகாக அடுக்கிக் கொண்டுவருவார்கள். அதைச் சீக்கிரம் புரட்டிவிட்டு, “ஸ்கெட்ச் புக் இருக்கா?” என்றுதான் கேட்பேன். முடித்த படத்தை எதைப் பார்த்துப் போட்டார்கள், யார் திருத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்கெட்ச் புக்கில் அந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறது, புரியாத இடம் வந்தால் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே கையை ஆறு தடவை போட்டுப் பார்த்து, ஓரத்தில் ‘கட்டைவிரல் எங்கே?’ என்று எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். பத்துப் பக்கமும் ஒரே மாதிரி முகம், ஒரே பக்கம் திரும்பி, ஒரே மாதிரி கண்ணோடு இருந்தால் கொஞ்சம் யோசிப்பேன். உன் ஆசிரியர் நூறு பக்கம் கேட்பதும் நீ ஒவ்வொன்றையும் மெருகேற்றிக்கொண்டு உட்காராமல் இருக்கத்தான் என்று படுகிறது.

பின்டரெஸ்டுக்கு வருகிறேன். பார்த்து வரைவது கெட்ட பழக்கம் இல்லை. ஓவியம் படித்தவர்கள் எல்லோரும் மூத்தவர்களைப் பார்த்து வரைந்துதான் வந்தார்கள். ஆனால் ஒரு புகைப்படத்தையோ இன்னொருவர் படத்தையோ எடுத்தால், அதில் பாதி வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார். எங்கே நிற்பது, எதை விடுவது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எல்லாம் அவர் தீர்மானித்துவிட்டார். முப்பரிமாணத்தை அவர் தட்டையாக்கித் தந்துவிட்டார், நீ ஒரு தட்டையை இன்னொரு தட்டைக்கு மாற்றுகிறாய். இல்லஸ்ட்ரேட்டர் சம்பளம் வாங்குவது அந்த முதல் பாதி வேலைக்குத்தான். அதனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பார்த்து வரை. யாருடைய படம் என்று பக்கத்திலேயே பெயர் எழுதிவிடு. அதைக் கற்றுக்கொள்ள வைத்துக்கொள், உன் படம் என்று எங்கும் போடாதே.

இனி, ‘ஊரில் வரைய என்ன இருக்கிறது’ என்ற கேள்வி. ‘அப்பா பால்வெட்டுக்குப் போகிறார், அம்மா வீட்டில்’ என்று அரை வரியில் தாண்டிவிட்டாய். அந்த அரை வரியில் முப்பது பக்கம் இருக்கிறது.

ரப்பர் மரத்தில் வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது? பிறந்ததிலிருந்து பார்த்திருப்பாய், ஆனாலும் இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறதா பார். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. லேசாக வலப்பக்கம் சாய்ந்தபடி மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். பட்டையைச் சீவலாம், உள்ளே தடியைத் தொடக்கூடாது. தொட்டால் காயம் விழுந்து, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெயில் ஏறுவதற்குள் வெட்டியாக வேண்டும், வெயில் ஏற ஏற மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் ஓட்டமும் குறைந்துவிடும். அப்பா விடியும் முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவது அதனால்தான்.

இதெல்லாம் ஓவியத்துக்கு எதற்கு என்று கேட்பாய். காரணம் தெரியாமல் வரைந்தால் அந்தச் சாய்கோடு உன் படத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். தெரிந்து வரைந்தால் கோடு தயங்காது. இவ்வளவு நாளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே சங்கதி இதுதான்: ஸ்கெட்ச் புக்கில் அழகாக இருப்பதைத் தேடிப் போகாதே, எப்படி வேலை செய்கிறது என்று உனக்குப் புரியாததைத் தேடிப் போ. அழகான பொருளின் முன்னால் உட்கார்ந்தால் அதன் அழகைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம் வரும். புரியாத பொருளின் முன்னால் அந்தப் பயம் வராது, கேள்வி வரும். கேள்வி இருக்கிற வரைக்கும் கை நிற்காது.

எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன். முதல் நாள் தோட்டத்துக்கே போகாதே. மத்தியானம் அப்பா தூங்கும்போது அவருடைய பால்வெட்டுக் கத்தியை எடுத்து மேசையில் வை. நுனி மடங்கியிருக்கும், அந்த மடிப்புதான் அந்தக் கத்தியின் உயிர். மேலிருந்து, பக்கத்திலிருந்து, நுனி உன் கண்ணைப் பார்க்கிற மாதிரி என்று நாலைந்து கோணத்தில் போடு. நுனி கண்ணைப் பார்க்கிற கோணத்தில் நிச்சயம் சொதப்பும். சொதப்பட்டும், அதன் பக்கத்திலேயே இன்னொன்று போடு. சாயங்காலம் அப்பாவிடம் கத்தியைக் கொடுத்து, மரத்தில் வைக்கிற மாதிரி பிடித்துக் காட்டச் சொல். எந்த விரல் தள்ளுகிறது, எந்த விரல் திசை காட்டுகிறது, இடது கை எங்கே இருக்கிறது? ரெண்டு பக்கம் நிரம்பிவிடும்.

மூணாவது நாள் அவரோடு இருட்டில் போ. அங்கே விவரமாக வரைய வெளிச்சம் இருக்காது, அதுதான் நல்லது. தலைவிளக்கு விழுகிற இடத்தில் ஒரு துண்டு மரப்பட்டை, ஒரு கை, பால் வடிகிற சிரட்டையின் விளிம்பு. மற்றதெல்லாம் கறுப்பு. பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு பிரஷ் பேனா ஒன்றை மட்டும் கொண்டுபோ. வெளிச்சத்துக்குத் தாளின் வெள்ளை, மிச்சத்துக்கு மை. வகுப்பில் ஒரு மாதம் ‘டோன்’, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான படிநிலை, பற்றிச் சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாதது அங்கே ஒரு மணி நேரத்தில் ஏறும். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை அப்பா நாடா மாதிரி உரித்தெடுத்துவிட்டுத்தான் புது வெட்டுப் போடுவார். அந்த உரிக்கிற அசைவை மட்டும் மரத்துக்கு மரம் வரை. ஒரு மரத்துக்கு அவர் நிற்கிற நேரம் கொஞ்சம்தான். நாலு கோட்டுக்கு மேல் போட முடியாது. நாலு கோட்டில் உடம்பின் சாய்வைப் பிடி, முகம் வேண்டாம்.

அப்புறம் பாலை வடிகட்டித் தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்குவது தனிக் கதை. ஒரு ரோலர் வழுவழு என்றிருக்கும், இன்னொன்றில் வரி இருக்கும். கொடியில் காயப்போட்ட ஷீட்டின் வழியாக வெயில் வரும்போது அது என்ன நிறம்? வெளுப்பா, தேன் நிறமா? உன் வாட்டர் கலர் பெட்டியில் அந்த நிறம் நேராகக் கிடைக்காது, கலந்து பார்க்க வேண்டும். கலந்ததைப் பக்கத்திலேயே கட்டம் கட்டமாகப் பூசி, எதோடு எது என்று எழுதி வை. மழைக்காலத்தில் வெட்டு நனையாமல் மரத்துக்குப் பாவாடை கட்டுகிற பிளாஸ்டிக்கையும் விட்டுவிடாதே.

எழுதி வைக்கச் சொன்னதைக் கவனி. ஸ்கெட்ச் புக்கில் படம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இங்கிலாந்து ஓவியர் டர்னர் விட்டுச் சென்ற குறிப்பேடுகள் முந்நூறுக்கு நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் நிறையப் பக்கங்கள் அவசரப் பென்சில் கோடுகள்தான், சில இடங்களில் நிறத்தைப் பூச நேரமில்லாமல் அதன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நீயும் அப்பா சொல்லும் வார்த்தையை அவர் சொன்ன மாதிரியே படத்தின் பக்கத்தில் எழுது. பத்து வருடம் கழித்து ஒரு கதைக்குப் படம் போட உட்காரும்போது அந்த ஒரு வார்த்தை முழுத் தோட்டத்தையும் திருப்பிக் கொண்டுவரும்.

தொழிலில் இதன் பயன் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிப்பகம் கடற்கரைக் கிராமத்துக் கதை ஒன்றை அனுப்புகிறது என்று வைத்துக்கொள். படம் போடுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரு தென்னை மரம், முக்கோணப் பாய் கட்டிய படகு, தோளில் வலை போட்ட ஒருவர் என்று முடித்துவிடுவார்கள். குளச்சல் பக்கமோ முட்டம் பக்கமோ ஒரு காலையில் நின்று கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை, இழுப்பதைப் பார்த்தவள் அப்படிப் போடமாட்டாள். மடியின் ரெண்டு கயிற்றையும் ரெண்டு கூட்டம் பிடித்துக்கொண்டு, குதிங்காலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கும். வலை கரைக்கு வர வர ரெண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். இந்த நகர்வு தெரிந்தால் ஒரு முழு விரிபக்கத்தின் அமைப்பே கிடைத்துவிட்டது: இடது பக்கத்தில் ஒரு சாய்வு, வலது பக்கத்தில் எதிர்ச் சாய்வு, நடுவில் கடல். தென்னை மரம் தேவையே இல்லை. எடிட்டர் அடுத்த கதையை யாருக்கு அனுப்புவார் என்று நீயே சொல்.

உன் திருவள்ளுவர் சிலை ஏன் போஸ்ட் கார்டு ஆனது என்பதும் இதில்தான் இருக்கிறது. எல்லோரும் செல்பி எடுக்கிற இடத்தில் நின்று, எல்லோரும் பார்க்கிற உயரத்தில் பார்த்தாய். சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. ஆனால் தாளில் உயரம் அடிக்கணக்கில் தெரியாது, பக்கத்தில் நிற்கிற ஆளை வைத்துத்தான் தெரியும். பாதத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற ஒரு பாட்டியைப் போட்டிருந்தால் சிலை தானாக வளர்ந்திருக்கும். என்னைக் கேட்டால் சிலையை விட்டுவிட்டுப் படகுக்கு நிற்கிற வரிசையை வரையச் சொல்வேன். உயிர்காப்பு ஜாக்கெட்டைப் புடவைக்கு மேல் எப்படி மாட்டுவது என்று முழிக்கிற அம்மாக்கள் அங்கே தினமும் இருக்கிறார்கள்.

குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ரெண்டு இடம் சொல்கிறேன். ஒன்று மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. பெர்ஸ்பெக்டிவ் படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மேலே நடந்தபடி பார்த்தால் தொட்டியின் ரெண்டு விளிம்பும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும். படியிறங்கி ஆற்றோரம் நின்று அண்ணாந்தால் தூண்கள் மேலே போகப் போக ஒடுங்கும். ஒரே பாலம், ரெண்டு பாடம். தூணை வரையும்போது ‘இந்த எடையைக் கீழே எப்படி இறக்குகிறது?’ என்று கேட்டுக்கொண்டே வரை.

இன்னொன்று பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை பூட்டியிருக்கும், மற்ற நாளில் காலையிலேயே போய்விடு. முழு அரண்மனையையும் ஒரே பக்கத்தில் அடக்கப் பார்க்காதே. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் குதிரை வீரன் உருவத்தோடு ஒரு பித்தளை விளக்கு தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்கும் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டு எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். நீ போகாதே, சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடு ஒன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்று வரைந்து பார். வரைந்து முடிப்பதற்குள் அது ஏன் நிற்கிறது என்று உனக்கே ஒரு அனுமானம் வந்திருக்கும். அதே கூரையில் செதுக்கிய மரப்பூக்கள் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. கழுத்து வலிக்கும் வரை அதையும் பார்க்கலாம்.

தோவாளைப் பூச்சந்தை, சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள், தேரூர் குளத்துப் பறவைகள் என்று இன்னும் அடுக்கலாம். அடுக்கினால் நீ லிஸ்ட் போட்டுக்கொண்டு சுற்றுலா கிளம்பிவிடுவாய், அதனால் இத்தோடு விடுகிறேன். பக்கத்து வீட்டில் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிற அக்கா யாராவது இருந்தால், அவர் கைகளை வரையக் கேள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அந்த விரல்கள் எப்படி ஆகியிருக்கின்றன என்று பார். அவர் சம்மதித்தால் மட்டும்.

இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாய். எனக்கு அது முன்னால் வருவதில்லை. வரைந்துகொண்டிருக்கும்போது, பாதியில், ‘அட, இது இப்படியா’ என்று ஒன்று தட்டுப்படும், அதைத்தான் வெளியே இருந்து பார்க்கிறவர்கள் இன்ஸ்பிரேஷன் என்கிறார்கள். அதற்காக உட்கார்ந்து காத்திருந்தால் லீவு முடிந்துவிடும்.

அனிமே பிடிப்பதைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதன் வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார். ஜப்பான் ஓவியர் ஹொக்குசாய் 1814-இல் தொடங்கி வெளியிட்ட கோட்டோவியத் தொகுதிகள் மொத்தம் பதினைந்து, கடைசித் தொகுதி அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான் வந்தது. அதில் என்ன இருக்கிறது? குண்டானவர்கள், ஒல்லியானவர்கள், மல்யுத்தக்காரர்கள், தொழிலாளிகள், கருவிகள், பூச்சிகள், மீன்கள், மழையில் ஓடுகிறவர்கள். தன் தெருவில் பார்த்ததை அந்த மனிதர் சலிக்காமல் போட்டுத் தள்ளியிருக்கிறார். நீ அனிமேயில் ரசிக்கிற அந்தச் சுறுசுறுப்பான கோட்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பார்வை இருக்கிறது. நீ பெரிய கண்ணையும் கூர் மூக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பார்வையை விட்டுவிட்டாய். அதே பாணியில் அப்பா ஒட்டுப்பால் உரிப்பதைப் போட்டுப் பாரேன், பாணி தானாக வளைந்து கொடுக்கும்.

நம் பக்கத்திலும் ஆள் இருக்கிறார்கள். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பியின் படங்களை எங்காவது தேடிப் பார். ஊர் ஊராகப் போய், சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து, நேரில் பார்த்து வரைந்தவர். கல்லின் உடைந்த மூலை எது, நிழல் எது என்று அந்தக் கோடுகளில் பிரித்துச் சொல்ல முடியும். விகடன் ஓவியர் கோபுலுவுக்கு முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்தபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். வரைவது எங்கே இருக்கிறது, கையிலா கண்ணிலா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களையும் பார்க்க வேண்டும். ஒரு கோடு எப்போது தடிக்க வேண்டும், எப்போது மெலிந்து காணாமல் போக வேண்டும் என்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆள் கூடுகிற பிரச்சினை. இது பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல், எனக்குத் தெரியும். சுவரிலோ தூணிலோ முதுகைச் சாய்த்து உட்கார், பின்னால் நின்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. உள்ளங்கை அகல நோட்டு வைத்துக்கொள், தூரத்திலிருந்து பார்த்தால் கணக்கு எழுதுகிற மாதிரிதான் இருக்கும். தனியாகப் போகாமல் தோழியையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போ. பழக்கத்துக்கு பஸ்ஸைவிட நல்ல இடம் கிடையாது. மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் முன் சீட்டில் தூங்குகிறவரின் தலை எந்தப் பக்கம் விழுகிறது என்று யாருக்கும் தெரியாமல் வரையலாம். பஸ் குலுக்கினால் கோடும் குலுங்கும், நடுக்கத்துக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் உன்னைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

அதையும் மீறி ஒரு பெரியவர் வந்து, “என்ன மக்களே, படம் வரையுதியா?” என்று கேட்டால் நோட்டை மூடாதே. காட்டு. நம்மூர்க்காரர்கள் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள், “கயிறு இப்படி வராது, அந்தப் பக்கம் சுத்தி வரும்” என்று திருத்துவார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத டியூஷன் அது. கடற்கரையில், தோட்டத்தில், கோயிலில் வரைவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். வேலை செய்கிறவர்களை வேடிக்கைப் பொருள் மாதிரி முறைத்துக்கொண்டு உட்காராதே. வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடு. ஆபாசமாகப் பேசவோ நெருங்கவோ யாராவது வந்தால் அது வேறு விஷயம். படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, உடனே அங்கிருந்து கிளம்பிவிடு.

சாமான்களைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பென்சிலுக்கும் பேனாவுக்கும் 120 ஜிஎஸ்எம் தாள் போதும் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). வாட்டர் கலர் அடிக்க வேண்டும் என்றால் 300 ஜிஎஸ்எம் வேண்டும், அது விலை கூடுதல், நல்ல தாள் வாங்கிவிட்டால் பாழாகிவிடுமே என்று கை ஒதுங்கும். அதனால் தினசரி நோட்டு விலை குறைந்ததாக இருக்கட்டும். மலிவான பால்பாயிண்ட் பேனாவைக் குறைவாக நினைக்காதே. லேசாகத் தொட்டால் சாம்பல், அழுத்தினால் கறுப்பு, அழிக்கவும் முடியாது, உனக்கு இப்போது தேவைப்படுவதும் அதுதான். அழிரப்பரை இந்த லீவு முழுக்க அம்மாவிடம் கொடுத்து வை. பேனா மேல் நிறம் பூசுவதாக இருந்தால் நீரில் கரையாத மையா என்று ஒரு மூலையில் ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பூசு. ஜெல் பேனா பெரும்பாலும் கலங்கிவிடும்.

நம் மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் தாள் ஈரத்தைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும், வாட்டர் கலர் காயவே காயாது. அன்றைக்கு வீட்டுக்குள் இரு. அடுக்களையில் அம்மா சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டுகிறதை வரை. பிசின் ஒட்டாமல் கையில் எண்ணெய் தடவுகிறதில் தொடங்கி, நடுவிலிருக்கிற கூஞ்சை நீக்கி, சுளையைப் பிரிக்கிற வரைக்கும் ஒவ்வொரு கட்டமாகப் போட்டால் படக்கதை மாதிரி ஆறு கட்டம் கிடைக்கும். ‘அம்மா வீட்டில்’ என்று முடித்துவிட்டாயே, அதற்கும் சேர்த்துத்தான் முப்பது பக்கம் என்றேன். வெயில் நாளில் மத்தியானம் வெளியே வரையாதே. ஏப்ரல் நடுவிலும், ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் தொடக்கத்திலும் நம் ஊரில் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் எல்லாம் காலடியில் ஒடுங்கிவிடும், எல்லாப் பொருளும் தட்டையாகத் தெரியும். காலை ஒன்பதுக்கு முன்னால், சாயங்காலம் நாலுக்கு மேல் போனால் நிழல் நீண்டு உனக்காகப் பாதி வேலை செய்யும்.

எத்தனை பக்கம் என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. தினம் அரை மணி, அதில் எத்தனை வருகிறதோ அத்தனை. ஆனால் அந்த அரை மணியில் கடைசி ஐந்து நிமிடத்தை ஒரு வேலைக்கு ஒதுக்கு: அன்றைக்குப் பார்த்து வரைந்ததை பக்கத்தைத் திருப்பிவிட்டு, பார்க்காமல், ஞாபகத்திலிருந்து ஒரு தடவை போடு. ஞாபகத்தில் எது காணாமல் போகிறதோ அதை நீ இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மறுநாள் அங்கிருந்து தொடங்கு. போனில் போட்டோ எடுப்பதாக இருந்தால் வரைந்து முடித்த பிறகு எடு, முதலில் எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய் வரையலாம் என்று மனசு சோம்பல்படும்.

நூறு பக்கத்தில் எழுபது குப்பையாக இருந்தாலும் அப்படியே கொண்டுபோய் ஆசிரியர் மேசையில் வை, நல்ல முப்பதை மட்டும் கிளிப் போட்டுப் பிரித்துக் காட்டாதே. ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நோட்டை அலமாரிக்குள் அடைத்து வைக்காமல் காற்றுப் படுகிற இடத்தில் நிறுத்தி வை. கத்தியின் நுனியை நேராகப் பார்க்கிற அந்தக் கோணம் எத்தனையாவது தடவையில் பிடிபட்டது என்று எனக்கு எழுது, வராமல் போனாலும் எழுது.

அன்புடன்,
அக்கா